கரையில் ஆறு மணி நேரம், கையில் ஒரு தூண்டில்

(முன்னாள் மாணவர், மெக்கானிக்கல் பிரிவு)



பேரவைச் செயலாளர் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, நீங்க கப்பல்ல வேலை பார்க்கிறீங்க. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்க. எஞ்சின் ரூமைப் பத்தி மட்டும் வேண்டாம், அது எங்களுக்கு வகுப்பிலேயே இருக்கு." நியாயமான பேச்சு. ஆகவே மீன் பிடிப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் டிப்ளமோ படித்த புத்தி எங்கே போகும்? கிளட்ச், முறுக்குவிசை, பாயில் விதி எல்லாம் நடுவில் தலை காட்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது உல்லாசக் கப்பலில். ஆயிரக்கணக்கான பயணிகள் ஒரு வாரம், பத்து நாள் விடுமுறைக்கு ஏறுவார்கள். கப்பல் இரவில் ஓடும். காலையில் ஏதாவது ஒரு ஊரில் நிற்கும். மாலையில் மறுபடி புறப்படும். கரையில் கிடைக்கும் அந்த ஆறேழு மணி நேரத்தில் சிலர் கடைக்குப் போவார்கள், சிலர் மலை ஏறுவார்கள். இன்னும் சிலர் கடலில் இருந்து இறங்கியதும் மறுபடியும் கடலுக்கே போவார்கள்! சிறிய படகு ஒன்றை அதன் கேப்டனோடும் தூண்டில் சாமான்களோடும் சில மணி நேரத்துக்கு வாடகைக்குப் பிடித்து, மீன் பிடித்துவிட்டு வருவார்கள். இதற்குத்தான் 'ஃபிஷிங் சார்ட்டர்' என்று பெயர். மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் மார்லின் மீனுக்காகப் போகிறார்கள். அலாஸ்காவில் சால்மனுக்காகப் போகிறார்கள். நான் போனது அலாஸ்காவின் கெச்சிக்கன் என்ற ஊரில்.

பிழைப்புக்காக மீன் பிடிப்பது நமக்குத் தெரியும். காசு கொடுத்து மீன் பிடிப்பதாவது என்று முதலில் நானும் சிரித்தேன். ஒரு தடவை போய் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

ஊர் எப்படி?

அலாஸ்காவின் தென்கிழக்கு மூலையில் ஒரு தீவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் கெச்சிக்கன். தெற்கிலிருந்து வரும் கப்பலுக்கு அலாஸ்காவின் முதல் ஊர் அதுதான். வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பே கிடையாது. கப்பலில் வரவேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில். விமான நிலையமோ எதிரே உள்ள கிரவினா தீவில் இருக்கிறது. அதற்கும் படகேறித்தான் போகவேண்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குடை பிடிப்பவனை அங்கே வெளியூர்க்காரன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊரின் நடுவே ஓடும் ஓடையில் கோடைக் காலத்தில் சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். பசிபிக் சால்மன் நன்னீரில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, தான் பிறந்த ஓடைக்கே வாசனையை வைத்து வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் இந்தப் பயணம். அப்படித் திரும்பி வருகிற வழியில்தான் தூண்டில்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

அங்கே ஐந்து வகைச் சால்மன் உண்டு: ராஜா, சாக்கை, கோஹோ, பிங்க், சம். இவற்றில் பிங்க் சின்னது, இரண்டே வருட ஆயுள். பெரியது ராஜா. 1985-இல் அலாஸ்காவின் கீனை ஆற்றில் ஒருவர் தூண்டிலில் பிடித்த ராஜா சால்மன் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 44 கிலோ! ராஜா வருவது கோடையின் முற்பகுதியில். ஜூலை, ஆகஸ்டில் பிங்க்கும் கோஹோவும் அதிகம்.

ஹாலிபட் என்ற தட்டை மீனும் உண்டு. நம் ஊர் 'எருமை நாக்கு' மீனைப் பார்த்திருப்பீர்கள். அதையும் ஆங்கிலத்தில் இந்திய ஹாலிபட் என்றுதான் சொல்வார்கள். அதன் அறிவியல் பெயர் 'செட்டோடஸ் எருமெய்'. நம் எருமையேதான் அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது! அலாஸ்கா ஹாலிபட் ஆழத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும். அதைத் தேடிப்போக அதிக நேரம் வேண்டும் என்பதால், அரை நாளில் திரும்பவேண்டிய கப்பல் பயணிகள் பெரும்பாலும் சால்மனுக்கே போகிறார்கள்.

முதல் பாடம்: மணிக் கணக்கு

சார்ட்டர் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: "என்ன மீன் கிடைக்கும்?" கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. "எத்தனை மணிக்குத் திரும்பி வருவோம்?" என்பதுதான் முதல் கேள்வி.

பரீட்சைக் கணக்கு மாதிரி போட்டுப் பார்ப்போம். கப்பல் மாலை 3 மணிக்குப் புறப்படுகிறது. பயணிகள் 2.30-க்குள் ஏறிவிட வேண்டும். படகுத் துறையிலிருந்து கப்பலுக்கு 15 நிமிடம். எதிர்பாராத தடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆக, படகு 1.15-க்குக் கரையைத் தொட்டாக வேண்டும். மீன் பிடிக்கும் இடத்திலிருந்து திரும்ப 40 நிமிடம். அப்படியானால் 12.35-க்குத் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். இப்படிக் கடைசியிலிருந்து முதலுக்கு வரவேண்டும். முதலிலிருந்து கடைசிக்குப் போனால் கணக்கு தப்பும், கப்பலும் தப்பும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'நான்கு மணி நேரச் சார்ட்டர்' என்றால் நான்கு மணி நேரமும் மீன் பிடிப்பது என்று அர்த்தமில்லை. போக 40, வர 40 கழித்தால் தூண்டில் தண்ணீரில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது என்றும் பார்க்கவேண்டும். 2021 முதல் ஊருக்கு வடக்கே வார்ட் கோவ் என்ற இடத்திலும் கப்பல்கள் நிற்கின்றன. அங்கே நின்றால் ஊருக்கு வந்து போகும் பஸ் நேரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கடிகாரமும் ஏமாற்றும். சியாட்டில் நேரத்துக்கும் அலாஸ்கா நேரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம். உங்கள் கைக்கடிகாரம் என்ன சொன்னாலும் சரி, செல்போன் என்ன சொன்னாலும் சரி, கப்பலின் கடிகாரம் சொல்வதுதான் சட்டம்.

எங்கே பதிவு செய்வது?

இரண்டு வழி. கப்பலிலேயே சுற்றுலா மேஜையில் பணம் கட்டலாம். அல்லது கரையில் உள்ள படகுக்காரரிடம் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். நேரடியாகப் போனால் பெரும்பாலும் கொஞ்சம் மலிவு, படகில் கூட்டமும் குறைவு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கப்பல் மூலம் போன படகு தாமதமானால், பொதுவாகக் கப்பல் காத்திருக்கும்; அல்லது அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பைக் கம்பெனி ஏற்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால், கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். விமானச் செலவு, ஓட்டல் செலவு எல்லாம் உங்கள் தலையில்.

அதனால் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. சியாட்டிலில் புறப்பட்டு சியாட்டிலுக்கே திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள், 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும். கனடாவின் விக்டோரியாவில் நிற்பது அதற்காகத்தான். அடுத்த ஊர் கனடாவாக இருந்து பாஸ்போர்ட் கப்பல் அறைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படகும் சட்டமும்

சின்னப் படகில் பெரும்பாலும் ஆறு பேர்தான் ஏற்றுவார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தரும் ஒரு வகை லைசென்ஸ் உள்ள கேப்டன், பணம் கொடுத்து வருகிறவர்களில் ஆறு பேர் வரைதான் ஏற்றலாம். அந்த லைசென்ஸ் வாங்கவே 360 நாள் கடல் அனுபவம் காட்ட வேண்டும். அதனால் கேப்டனிடம் லைசென்ஸ் பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை.

மீன் பிடிப்பவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். வெளியூர்க்காரர் பதினாறு வயதுக்கு மேல் என்றால் ஒரு நாளைக்கு 15 டாலர். ராஜா சால்மன் பிடிப்பதானால் அதற்கு இன்னொரு 15 டாலர் முத்திரை. 28 அங்குலத்துக்குக் குறைவான ராஜாவைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். பிடித்து வைத்துக்கொண்டால் அந்த நிமிடமே லைசென்ஸில் பதிய வேண்டும். வாடிக்கையாளர் படகில் இருக்கும்வரை கேப்டனோ உதவியாளரோ தங்களுக்கென்று ஒரு மீன்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது. விளையாட்டு மீன்பிடிப்பு என்றால் அங்கே விளையாட்டுத்தனம் கிடையாது!

செலவு? பங்குப் படகில் அரை நாளைக்கு ஆளுக்கு இருநூறு, முந்நூறு டாலர் ஆகிவிடும். உதவியாளருக்கு 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பு தருவது அந்த ஊர் வழக்கம். மீன் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது. நாம் வாங்குவது மீனை இல்லை, நேரத்தை.

நாங்கள் போன கதை

எனக்கு எஞ்சின் ரூமில் 4 முதல் 8 மணி வரை வாட்ச். அதிகாலை நாலு முதல் எட்டு, மறுபடி மாலை நாலு முதல் எட்டு. நடுவில் எட்டு மணி நேரம் ஓய்வு. ஒரு ஆகஸ்டு மாதம், கெச்சிக்கனில் கப்பல் நின்றபோது, நானும் ஒரு கோவா நண்பரும் ஒரு பிலிப்பைன்ஸ் நண்பரும் சேர்ந்து காசு போட்டுப் படகு பிடித்தோம். கப்பல் புறப்படுவது 3 மணிக்கு. ஆனால் ஊழியர்கள் 2 மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். பயணி கப்பலைத் தவறவிட்டால் பணம் போகும். ஊழியன் தவறவிட்டால் வேலை போகும். அமெரிக்கக் கரையில் எங்களுக்கு இருக்கும் அனுமதியே கப்பலோடு ஒட்டியதுதான். வீட்டுக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

படகின் கேப்டன் ஐம்பது வயதுப் பெண்மணி. உதவிக்கு அவரது அண்ணன் மகன். எங்களோடு வேறொரு கப்பலில் வந்த வயதான தம்பதி, அவர்கள் பேரன். ஆக மொத்தம் ஆறு பேர். ஏறியதும் கேப்டன் கேட்ட முதல் கேள்வி, "உங்க கப்பலுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" சொன்னோம். ஒரு அட்டையில் எழுதிச் சுக்கானுக்குப் பக்கத்தில் மாட்டினார். "12.05-க்குத் தூண்டில் மேலே. யார் கெஞ்சினாலும் சரி" என்றார். சிரித்துக்கொண்டோம்.

8.45-க்குக் கிளம்பினோம். சால்மன் நடுத் தண்ணீரில் திரியும். அந்த ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோக ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள், 'டவுன்ரிக்கர்' என்று பெயர். சின்ன விஞ்ச் ஒன்று. அதன் கம்பி முனையில் பத்துப் பவுண்டு ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டு, படகை இரண்டு மூன்று நாட் வேகத்தில் மெல்ல ஓட்டுவார்கள். மீன் கடித்து இழுத்தால் கிளிப் விட்டுவிடும். அதன் பிறகு நரம்பில் குண்டின் பாரம் இல்லை. மீனும் நீங்களும்தான். என்ன எளிமையான ஏற்பாடு பாருங்கள்!

முதல் ஒரு மணி நேரத்தில் நாலைந்து பிங்க் வந்தது. பிறகு பெரியவருக்கு ஒரு கோஹோ, கோவா நண்பருக்கு ஒன்று. பேரன் பையனுக்கு ஆழத்திலிருந்து ஒரு பாறை மீன் வந்தது. கண் பிதுங்கி, வயிறு உப்பிப் போயிருந்தது. இங்கேதான் பாயில் விதி. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 வளிமண்டலம், மேலே ஒன்று. ஆகவே மீனின் காற்றுப்பை நாலு மடங்கு விரிகிறது. சால்மனுக்குக் காற்றை வெளியேவிடக் குழாய் உண்டு. பாறை மீனுக்கு இல்லை. அப்படியே தூக்கிப் போட்டால் மிதந்து மிதந்தே செத்துவிடும். அந்த வகையை அன்று வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. உதவிப் பையன் அதன் வாயில் எடை கட்டிய ஒரு கிளிப்பை மாட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கி விட்டான். அழுத்தம் திரும்பியதும் பை சுருங்கி மீன் நீந்திப் போய்விடும். இந்தச் சாதனம் இல்லாமல் அலாஸ்காக் கடலில் மீன் பிடிக்கப் போகக்கூடாது என்று 2020 முதல் எல்லாப் படகுக்கும் விதி. சில பாறை மீன்கள் நூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. தாத்தாவின் தாத்தா வயதுள்ள மீனை ஒரு விளையாட்டுக்காகக் கொல்லலாமா?

ரீலுக்குள் ஒரு கிளட்ச்

இப்போது என் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் ரீலைப் பற்றி இரண்டு வார்த்தை.

நம்மில் பலர் நினைப்பது, மீன் கடித்ததும் நரம்பை இறுக்கிப் பிடித்துச் சுருட்டிவிட வேண்டியதுதான் என்று. 20 பவுண்டு தாங்கும் நரம்பில் 30 பவுண்டு மீன் மாட்டினால் இறுக்கிப் பிடிக்க முடியுமா? அறுந்துவிடும். அதற்காகத்தான் ரீலுக்குள் 'டிராக்' என்ற ஏற்பாடு. வட்ட வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன, அவ்வளவுதான். நம் மோட்டார் சைக்கிள் கிளட்ச்சேதான். குறிப்பிட்ட விசைக்கு மேல் மீன் இழுத்தால் தகடுகள் வழுக்கி, நரம்பு வெளியே ஓடும். மீன் ஓய்ந்ததும் நீங்கள் சுருட்டலாம். மீனைக் களைப்படையச் செய்வது உங்கள் பலம் இல்லை, இந்த உராய்வுதான்.

1898-இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவில் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு சூரை மீனைக் கம்பும் ரீலும் வைத்துப் பிடித்தார். கடல் விளையாட்டு மீன்பிடிப்பின் ஆரம்பம் என்று அதைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்து ரீலில் இந்தக் கிளட்ச் கிடையாது. தோல் பட்டையைக் கட்டைவிரலால் சுருளின் மேல் அழுத்தித்தான் பிரேக் போட்டார்கள். விரல் என்னத்துக்கு ஆகும்!

டிராக்கை நரம்பின் தாங்கும் திறனில் நாலில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு வைக்கச் சொல்வார்கள். 20 பவுண்டு நரம்புக்கு ஐந்து ஆறு பவுண்டு. "ஏன் இவ்வளவு குறைவு?" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். தகடுகள் தருவது மாறாத முறுக்குவிசை. முறுக்குவிசை = இழுவிசை × ஆரம். சுருள் நிறைய நரம்பு இருக்கும்போது ஆரம் 3 சென்டிமீட்டர், இழுவிசை 6 பவுண்டு என்று வையுங்கள். மீன் ஓடி ஓடி நரம்பு குறைந்து ஆரம் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிவிட்டால்? இழுவிசை 12 பவுண்டு! நீங்கள் எதையும் திருகவில்லை, தானாகவே இரட்டிப்பாகிவிட்டது. போதாக்குறைக்குத் தண்ணீருக்குள் கிடக்கும் நீண்ட நரம்பைத் தண்ணீர் வேறு பிடித்து இழுக்கும். ஆகவே மீன் தூரம் போகப் போக டிராக்கைத் தளர்த்த வேண்டும். இறுக்கக் கூடாது.

இரண்டாம் வருடம் எந்திரவியல் பரீட்சையில் இதே மாதிரிக் கணக்கை நான் பிழையில்லாமல் போட்டவன். நினைவில் வையுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு வந்த மீன்

மணி 11.55. எனக்கு அதுவரை இரண்டு பிங்க் மட்டும். பத்து நிமிடத்தில் தூண்டில் மேலே வந்துவிடும். அப்போது என் கம்பு வளைந்தது. வளைந்தது என்றால், முனை தண்ணீரைத் தொட்டுவிட்டது. கிர்ர்ரென்று ரீல் அலறியது. கையில் எடுத்தேன். நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை.

கேப்டன் மற்ற தூண்டில்களை மேலே எடுக்கச் சொல்லிவிட்டு, படகை மீன் போகும் பக்கம் திருப்பினார். "ராஜாவாக இருக்கலாம். பொறுமை. ஓடினா ஓடட்டும்" என்றார். உதவிப் பையன் பக்கத்தில் நின்றான், கம்பைத் தொடவில்லை. 1939-இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தின் விதிப்படி, இன்னொருவர் கை கம்பில் பட்டால் அந்த மீன் உங்கள் சாதனை ஆகாது. எனக்கு எந்தச் சாதனையும் வேண்டாம். ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லை.

கம்பைத் தூக்கு, இறக்கும்போது சுருட்டு. மறுபடி தூக்கு, மறுபடி சுருட்டு. இருபது கஜம் வரும், முப்பது கஜம் போகும். கை விண் விண்ணென்று தெறிக்கிறது. மணி 12.10. கேப்டன் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் பத்து நிமிஷம் கொடுங்க அவனுக்கு" என்று எனக்காகப் பரிந்து பேசினார். கேப்டன் அட்டையைப் பார்த்தார். "12.25. அதுக்கு மேல நானே நரம்பை வெட்டிடுவேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "உன் மீனுக்காக நான் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். உன் கப்பல் உனக்காகக் காத்திருக்காது தம்பி."

அந்த ஒரு சொல் போதும். மனசில் கப்பல், வேலை, வீட்டுக் கடன், தங்கை படிப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மீனையும் விடக்கூடாது, நேரத்தையும் விடக்கூடாது. என்ன செய்தேன் தெரியுமா? டிராக்கை இறுக்கினேன். அரைத் திருகு. இன்னும் அரைத் திருகு. அப்போது சுருளில் நரம்பு பாதிக்கும் கீழே. ஆரம் பாதி, இழுவிசை இரட்டிப்பு, அதற்கு மேல் என் திருகு வேறு. மீன் தலையை ஒரு உதறு உதறியது. 'டப்!'

கம்பு நேராக நின்றது. என்ன மீன் என்று கடைசிவரை பார்க்கவே இல்லை.

மணி 12.21. யாரும் எதுவும் பேசவில்லை. கேப்டன் படகைத் திருப்பி எஞ்சினை முடுக்கினார். பிலிப்பைன்ஸ் நண்பர் மட்டும் முதுகில் தட்டி, "மெக்கானிக்கல்தானே நீ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் கேட்கிறது.

திரும்பும் வழி

அதோடு முடியவில்லை. பாதி வழியில் மூடுபனி இறங்கியது. எதிரே இருபது அடிக்கு மேல் தெரியவில்லை. கேப்டன் வேகத்தைக் குறைத்து, ரேடாரைப் பார்த்துக்கொண்டு, ஊதுகுழலை ஊதிக்கொண்டு மெல்ல வந்தார். ஊரை நெருங்கும்போது பனி விலகியது. ஆனால் கெச்சிக்கன் ஊரை ஒட்டிய டோங்காஸ் நீரிணையில் 26 அடிக்கு மேற்பட்ட படகுகள் 7 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. 7 நாட் என்றால் மணிக்கு 13 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். தூரத்தில் எங்கள் கப்பல் தெரிகிறது, பக்கத்தில் வரமாட்டேன் என்கிறது! இழந்த நேரத்தை வேகத்தால் ஈடுகட்டலாம் என்று யாராவது நினைத்தால், அங்கே சட்டமே கதவைச் சாத்திவிடும்.

துறையைத் தொட்டபோது மணி 1.38. ஓடினோம். கப்பல் படிக்கட்டில் அட்டையைக் காட்டியபோது 1.51. பாக்கி ஒன்பது நிமிடம்! கேப்டன் அந்த ஒரு மணி நேரத்தை எதற்காக ஒதுக்கி வைத்திருந்தார் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. மீன் கொஞ்சம் தின்றது, மூடுபனி மிச்சத்தைத் தின்றது.

நாங்கள் பிடித்த மீன் என்ன ஆயிற்று? பொதுவாகப் பச்சை மீனைக் கப்பலுக்குள் ஏற்ற விடமாட்டார்கள். சில கம்பெனிகள் சில பயணங்களில் மட்டும் பயணி பிடித்த மீனைச் சமைத்துத் தருகின்றன. மற்றவர்களுக்காக ஊரிலேயே கடைகள் உண்டு. மீனை வெட்டிச் சுத்தம் செய்து, காற்று இல்லாமல் பொதிந்து, உறையவைத்து, அமெரிக்க முகவரிக்குக் கூரியரில் அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு எந்த முகவரி? எங்கள் பங்கை, இன்னாருக்குக் கொடுத்தோம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தம்பதிக்கே கொடுத்துவிட்டோம். அந்த அம்மா, "என்றைக்காவது எங்க வீட்டுக்கு வா, உன் மீனை உனக்கே பொரிச்சுத் தர்றேன்" என்றார்.

சுருக்கமாகச் சொன்னால்

நாளைக்கு உங்களில் ஒருவர் பயணியாகவோ ஊழியராகவோ இப்படிக் கப்பலில் போகலாம். போனால் இவற்றை மறக்காதீர்கள். மணிக் கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். ஒரு மணி நேரத்தை எதற்கும் தொடாமல் வையுங்கள். லைசென்ஸை முன்கூட்டியே வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் மழைக் கோட்டும் கையில் இருக்கட்டும். வயிறு புரட்டும் என்று பயந்தால் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போடுங்கள். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. உங்கள் திரும்பும் நேரத்தைத் தானாகக் கேட்காத கேப்டன் படகில் ஏறாதீர்கள். கேட்கிற கேப்டன் சொன்ன பேச்சை மீறாதீர்கள்.

அந்த மீனை இழந்ததில் எனக்கு இப்போது வருத்தமில்லை. வருத்தமெல்லாம் ஒன்றில்தான். கணக்கு தெரிந்தவன்தான் நான்; கை பதறிய நேரத்தில் அந்தக் கணக்கு எனக்கு உதவவில்லை. வகுப்பில் நிதானமாக உட்கார்ந்து போடும்போது எல்லாம் சரியாக வரும். மணி அடிக்கப்போகிறது, கேப்டன் அட்டையைப் பார்க்கிறார், மீன் இழுக்கிறது என்கிற நேரத்திலும் அது கைக்கு வந்தால்தான் படித்த படிப்பு. எங்கள் பட்டறை ஆசிரியர் ஒருவர், திருகும்போது அவசரப்பட்டால் "மரை போயிடும்டா" என்பார். அந்த நாலு வார்த்தைகூட இல்லாத பாடத்தைப் படிக்க நான் அலாஸ்கா வரை போகவேண்டியிருந்தது.

அடுத்த முறை கெச்சிக்கனில் இறங்கினால் மறுபடியும் போவேன். அதே கேப்டன் படகில். இந்தத் தடவை தளர்த்துவேன்.